காப்பீடு இல்லாத பத்தொன்பது நாள்

எங்கள் கம்பெனியில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனி அது. மெக்கானிக்குகள் பதினோரு பேர். எங்கே எந்த லிஃப்ட் நின்றாலும் முதல் போன் என் மேசைக்குத்தான் வரும்; யாரை அனுப்புவது என்று முடிவு செய்வது என் வேலை. மற்றவர்கள் அரை மணியில் முடித்துவிட்டு வருகிற வேலைக்கு நிதானம் அண்ணன் ஒன்றரை மணி எடுத்துக்கொள்வார். கதவு உருளைகளைத் துடைப்பார், கயிற்றை விரலால் தடவிப் பார்ப்பார், மாடித் தரைக்கும் லிஃப்ட் தரைக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் மறுபடி மேலே ஏறுவார். கட்டடத்துக்காரர்கள் எனக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள். ஆனால் அவர் கைவைத்த லிஃப்ட் ஆறு மாதத்துக்கு என் மேசைப் பக்கம் எட்டிப் பார்க்காது. அதனால் அந்தத் திட்டை வாங்கிக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை.

விபத்து நடந்தபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. மனைவி ஒரு ஆஸ்பத்திரியின் சலவை அறையில் வேலை பார்த்தார். எந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. “சம்பளக் கவரைக்கூட நாலா மடிச்சு வெச்சிடுவா தம்பி, அப்புறம் அதுக்குள்ள எதுவும் நுழையவும் நுழையாது, வெளிய வரவும் வராது” என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார். ஒரே மகள். கல்லூரியில் பிசியோதெரபி முதல் வருஷம்.

கம்பெனிக்குச் சொந்தமாக மூன்று வண்டிகள்தான். மற்றவர்கள் சொந்த வண்டியில் போனால் மாதாமாதம் பெட்ரோல் படி கிடைக்கும். அண்ணன் பழைய சாம்பல் நிறக் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். பின்சீட்டில் மனிதர் உட்கார இடமில்லை. டூல் பெட்டியும் கிரீஸ் டப்பாக்களும்தான் பயணிகள். அந்தக் காரின் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க வேண்டிய வாரமும் மகளின் இரண்டாம் தவணைக் கட்டணம் கட்ட வேண்டிய வாரமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கட்டணத்துக்குக் கடைசித் தேதி இருந்தது, தவறினால் அபராதம். இன்சூரன்ஸ் எங்கே ஓடிவிடப் போகிறது, சம்பளம் வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். அவர் வாழ்க்கையில் தள்ளிப்போட்ட காரியங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று.

மழை விட்டுத் தூறல் மட்டும் இருந்த ஒரு மாலை. வேலை முடித்து வந்துகொண்டிருந்தவர் ஒரு நாற்சந்தியில் சிக்னல் மாறுவதைப் பார்த்துப் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், குறுக்கே வந்த வெள்ளைக் காரின் கதவில் மோதியது. டூல் பெட்டி பின்னாலிருந்து பாய்ந்து வந்து முன் கண்ணாடியை உடைத்தது. தவறு அவருடையதுதான். அதைப் பற்றி அவர் யாரிடமும் எப்போதும் வாதாடியதில்லை.

வெள்ளைக் காரை ஓட்டி வந்தது ஒரு கண் டாக்டர் அம்மாள். வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டு இறங்கினார். கோபப்படவில்லை. அண்ணனின் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையை நீட்டினார்.

“ரத்தம் வருது பாருங்க, முதல்ல அதை அழுத்திப் பிடிங்க. ரொம்பக் கவலைப்படாதீங்க. மத்ததெல்லாம் இன்சூரன்ஸ்காரங்க பாத்துப்பாங்க.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நல்ல பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார். டாக்டர் அம்மாளை அவருடைய தம்பி வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போன பிறகு போலீஸ்காரர் வந்து காகிதங்களைப் புரட்டினார். தேதி முடிந்து பத்தொன்பது நாள் ஆகிவிட்டதே என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பத்தொன்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவன் ஐயா என்று பதில் சொல்ல அண்ணனுக்குத் தோன்றியதாம். சொல்லி என்ன ஆகப் போகிறது என்று மென்று விழுங்கிவிட்டார். இரண்டு வருஷத்துக்கு லைசென்ஸ் போனது.

ஐந்தாவது மாதம் கடிதம் வந்தது. டாக்டர் அம்மாளின் மணிக்கட்டு எலும்பு உடைந்து, மூன்று மாதம் அவரால் யாருக்கும் கண் அறுவை சிகிச்சை செய்ய முடியாமல் போயிருந்தது. கார் பழுது, வைத்தியச் செலவு, போன வருமானம் எல்லாவற்றையும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டது. கொடுத்த பணத்தை இடித்தவர் திருப்பித் தர வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். தொகை அண்ணனின் ஒன்றரை வருஷச் சம்பளம். அதுவும் வீட்டில் மூன்று பேரும் காற்றைக் குடித்து உயிர் வாழ்ந்தால்.

அவர் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு நேரில் போய், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுகிறேன் என்று கேட்டார். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். நாலாவது மேசையில், உங்கள் ஃபைல் இங்கே இல்லை, வசூல் கம்பெனிக்குப் போய்விட்டது என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் போன் வர ஆரம்பித்தது. தினமும் காலை ஒன்பதரைக்கு. ஒரு பெண்ணின் குரல். தன் பெயரைச் சொல்லமாட்டாள். கம்பெனியின் பெயரை மட்டும் சொல்லுவாள். அண்ணனின் மகள் அவளுக்கு ‘ஒன்பதரை’ என்று பெயர் வைத்தாள். “அப்பா, ஒன்பதரை வந்தாச்சா?” என்று வீட்டில் கேட்டுக்கொள்வார்களாம், விருந்தாளியைக் கேட்பது போல. முதல் மாதம் சிரித்தார்கள்.

அவள் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. “இந்த வாரம் எவ்வளவு கட்ட முடியும் சார்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள். அவ்வளவுதான். திட்டினால் திருப்பித் திட்டலாம். அந்த மௌனத்தை என்ன செய்வது? நாலு நொடி, ஐந்து நொடி போனதும் அண்ணனே வாய்விட்டு ஏதோ ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். பிறகு அதற்காக ஓடுவார். எதுவும் சொல்ல முடியாத நாளில் “ஏற்பாடு பண்ணிட்டிருக்கேம்மா” என்பார். அவர் வீட்டில் இல்லையென்றால் சலவை அறை மேற்பார்வையாளருக்குப் போகும் போன். ஒருநாள் என் மேசைக்கும் வந்தது. இன்னார் இங்கே வேலை செய்கிறாரா, மாதச் சம்பளமா தினக்கூலியா என்று கேட்டாள். ஏதோ வங்கிக் காரியம் என்று நினைத்து நானும் கடகடவென்று பதில் சொல்லிவிட்டேன். விஷயம் தெரிந்தபோது அண்ணன் என்னைக் கோபிக்கவில்லை. தெரியாமல்தானே சொன்னீர்கள் என்றார். கோபித்திருக்கலாம்.

இப்படிப் பதினோரு மாதம். ஒரு வாரம்கூடத் தவறாமல் ஏதோ ஒன்றைக் கட்டினார். காரை ஓட்ட முடியாததால் பெட்ரோல் படி நின்றது. பதினெட்டுக் கிலோ டூல் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். நசுங்கின கார் வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

பன்னிரண்டாவது மாதம் ஒருநாள் மதியம். கடைத்தெருவைத் தாண்டி ஒரு எட்டுமாடிக் கட்டடம், அதன் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நிற்கிறது, உள்ளே ஆள் இருக்கிறது என்று போன் வந்தது. பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்தது நிதானம் அண்ணன்தான். அவரை அனுப்பினேன். அந்தக் கட்டடத்தில் எந்தெந்த அலுவலகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவரைத்தான் அனுப்பியிருப்பேன்.

அங்கே நடந்ததை அவர் என்னிடம் சொன்னது பல மாதம் கழித்து.

கட்டடத்தில் பாதிக்குக் கரண்ட் இல்லை. காவலாளி ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு நாலாவது மாடியில் நின்றிருந்தார். அண்ணன் லிஃப்ட் கதவை ஒரு கையளவு திறந்து, குனிந்து, யார் உள்ளே இருப்பது என்று குரல் கொடுத்தார்.

“நான் மட்டும்தான் சார். சீக்கிரம் தொறங்க சார், மூச்சு முட்டுது.”

அந்த ‘சார்’ போதுமானதாக இருந்தது. வருஷம் முழுக்கக் காலையில் காதில் விழுந்த சார். ஒன்பதரைதான். நேரில் பார்த்தால் எப்படி இருப்பாள், என்ன கேட்கலாம் என்றெல்லாம் எத்தனையோ நாள் பஸ்ஸில் யோசித்திருக்கிறார். இப்போது ஒன்றும் தோன்றவில்லை.

மோட்டார் அறை மொட்டை மாடியில் இருந்தது. மேலே போய்ப் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் உள்ளே இருக்கிறவர் பதறிப்போய்க் கதவில் கைகொடுத்துவிடக் கூடாது. எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைகளையே அவளிடமும் சொன்னார். தரையில் உட்காருங்கள், சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள், கயிறு ஒன்றல்ல நாலு இருக்கிறது, ஒன்றும் ஆகாது. கடைசியில் பழக்கத்தில் அதுவும் வந்துவிட்டது.

“அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கம்மா. ஏற்பாடு பண்ணிட்டிருக்கேன்.”

உள்ளே விசும்பல் நின்றது. பிறகு மெதுவாக, “நீங்க... அந்தக் கார் ஆக்சிடென்ட் சாரா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. எழுந்திருக்காதே. உக்காந்தே இரு.”

காவலாளியை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு மேலே ஏறினார். நாலு மாடி. சக்கரத்தைச் சுற்றும்போது வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றினேனா, வேகமாகச் சுற்றினேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை தம்பி என்றார். இறங்கி வந்து கதவைத் திறந்தபோது, இருபத்தைந்து இருபத்தாறு வயசில், ஒல்லியாக, செருப்பைக் கையில் பிடித்தபடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் பெரிய நாற்காலியில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மாளைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். இவளுக்கு அவருடைய மகளைவிட ஆறேழு வயது கூட இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தவள், நாற்பது நிமிஷம் சீட்டில் இல்லை, சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். “ரொம்ப நன்றி சார்” என்று அவர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். அவளுடைய அலுவலகம் ஐந்தாவது மாடி.

மறுநாள் ஒன்பதரைக்குப் போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. வீட்டில் மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நாள் மதியம் வேறொரு நம்பரிலிருந்து பேசினாள். தெருச் சத்தம் கேட்டது. வேகமாகப் பேசினாள்.

“சார், நீங்க வாராவாரம் கட்டறது அசல்ல போகல. வட்டிக்கும் எங்க கம்பெனிச் செலவுக்குமே சரியாப் போயிடுது. இப்படியே பத்து வருஷம் கட்டினாலும் முடியாது. மாசக் கடைசி வரைக்கும் ஒரு சலுகை இருக்கு. மொத்தத்துல நூத்துக்கு நாப்பது ஒரே தடவையாக் கட்டினா ஃபைலை மூடிடலாம். நான் மேல பேசி வாங்கித் தரேன்.”

“எழுத்துல ஏதாவது கிடைக்குமாம்மா?”

“பணம் வந்தப்புறம் வரும் சார். நான் சொல்றேன்ல.”

பதினோரு மாதமாகக் கட்டியது எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லையாம், கதவு திறந்துவிட்டது என்ற நினைப்புதான்.

அந்த மூன்று வாரம் அவரை நான் பார்த்ததில் இருந்து சொல்கிறேன், நிதானம் என்று பெயர் வைத்தவனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். ஓட்டமும் நடையுமாக இருந்தார். தார்ப்பாய்க் காரை இரும்பு விலைக்குக் கொடுத்தார். கம்பெனியில் மூன்று மாதச் சம்பளம் முன்பணம் கேட்டார். இரண்டு மாதம் கொடுத்தார்கள். மனைவி கழுத்திலும் கையிலும் இருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மனைவியின் தம்பி பாத்திரக் கடை வைத்திருப்பவர். கடை திறந்த நாளில் அண்ணன் அவருக்குக் கைகொடுத்ததுண்டு. அவர் பணமும் கொடுத்தார், அரை மணி நேரம் புத்தியும் சொன்னார். “அத்தான், லிஃப்டுக்கு நாலு கயிறு பாக்கற ஆளு, காருக்கு ஒரு காகிதம் பாக்கலியே” என்றாராம். கேட்டுக்கொண்டார். கேட்டுத்தானே ஆக வேண்டும்.

இன்னும் குறைந்தது. வீட்டில் மீதி இருந்தது மகளின் மூன்றாம் வருஷக் கட்டணம் மட்டும். அதை அவர் கேட்கவில்லை. மகள்தான் சொன்னாள்.

“எடுத்துக்கோங்கப்பா. ஒரு வருஷம் லீவு போட்டுட்டு அப்புறம் சேர்ந்துக்கறேன். எங்க கிளாஸ்ல ரெண்டு பேர் அப்படித்தான் சேர்ந்திருக்காங்க.”

அவர் மூன்று நாள் மறுத்தார். நாலாவது நாள் எடுத்துக்கொண்டார்.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போதே வங்கியில் போய் முழு நாற்பதையும் கட்டினார். அன்றைக்கு எனக்கும் மற்றவர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் ரசீது வந்தது. அதில் ‘பகுதித் தொகை பெறப்பட்டது’ என்று இருந்தது.

அவள் பேசிய நம்பருக்கு அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அலுவலக நம்பருக்கு அடித்தபோது ஒரு ஆண் எடுத்தான். அப்படி ஒரு பெண் இப்போது இங்கே வேலையில் இல்லை என்றான். நாற்பது சதவீதச் சலுகை பற்றி எந்தப் பதிவும் இல்லை என்றான். மேலும், பத்து நாள் முன்பே இவருடைய ஃபைலோடு இன்னும் பல நூறு ஃபைல்களைச் சேர்த்து வேறொரு கம்பெனிக்கு விற்றாகிவிட்டது, இனி அவர்களிடம்தான் பேச வேண்டும் என்றான்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு அண்ணன் அந்தக் கட்டடத்துக்குப் போனார். ஐந்தாவது மாடியில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் காதில் போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது அவளுடையதா என்று தெரியாது. அவளைப் பற்றிக் கேட்டதற்கு வரவேற்பில் இருந்த பையன் ஒரு படிவத்தை நீட்டினான். கீழே வந்தபோது காவலாளி அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

“அந்தப் பொண்ணா? ரெண்டு வாரம் ஆச்சு சார். ஒரு அட்டைப்பெட்டியத் தூக்கிக்கிட்டுப் படியிலயே இறங்கிப் போச்சு. வாசல்ல ரொம்ப நேரம் நின்னுச்சு. என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்லன்னுச்சு.”

அவள் ஏமாற்றினாளா, அவளையும் ஏமாற்றினார்களா என்பது இன்றுவரை தெரியாது. அண்ணன் வீட்டில் இதைப் பற்றி இரண்டு கட்சி. மனைவிக்குச் சந்தேகமே இல்லை. கண்ணீரைக் காட்டிக் கவிழ்த்துவிட்டாள் என்பார். “உசிரக் காப்பாத்தினதுக்கு நல்லாக் கைம்மாறு பண்ணினா” என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனால் அப்படி நினைக்க முடியவில்லை. தனக்காகப் பேசப் போய்த்தான் அவளுக்கு வேலை போனதோ என்று ஒரு நினைப்பு அவருக்கு. அதை மனைவியிடம் ஒருமுறை சொன்னார். அந்த ஒருமுறைக்கு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

புதுக் கம்பெனி போன் எல்லாம் போடவில்லை. நேராகக் கோர்ட்டுக்குப் போனது. அண்ணன் ரசீதுகளை எல்லாம் தேதிவாரியாக நூல் கோத்து எடுத்துப் போனார். வக்கீல் வைக்கப் பணமில்லை. நானும் கூடப் போயிருந்தேன். நீதிபதி பொறுமையாகத்தான் கேட்டார். கட்டினதற்கு ரசீது இருக்கிறது, சலுகை கொடுத்ததற்கு எழுத்து இருக்கிறதா என்றார். அண்ணன் இல்லை என்றார். மோதியது நீங்கள்தானா என்றார். ஆமாம் என்றார். அன்றைக்கு இன்சூரன்ஸ் இல்லைதானே என்றார். இல்லை என்றார். மூன்று கேள்வி, மூன்று பதில். பத்து நிமிஷத்துக்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ரசீதுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் எதுவும் பொய் சொல்லலியே தம்பி?” என்று கேட்டார்.

இல்லை அண்ணே என்றேன்.

மாதச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைப் பிடித்து அனுப்ப வேண்டும் என்ற உத்தரவு கம்பெனிக்கு வந்தது. தபால்களைப் பிரிப்பதும் என் வேலை என்பதால் அதை முதலில் படித்தது நான். முன்பணத்துக்காக ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்ததோடு இதுவும் சேர்ந்தது. அந்த வருஷமே இரண்டு அறை வீட்டை விட்டு ஒரு அறை வீட்டுக்குப் போனார்கள். அலமாரி வாசலில் நுழையவில்லை. அங்கேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். மகள் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு வருஷம் என்றுதான் சேர்ந்தாள். இது மூன்றாவது வருஷம். கல்லூரிக்காரர்கள் அவள் இடத்தை வைத்திருக்க முடியாது என்று கடிதம் போட்டதை அவள் அப்பாவிடம் காட்டவில்லை. அவருக்குத் தெரியும், தெரியும் என்பதை அவரும் அவளிடம் காட்டவில்லை.

முதல் சம்பளத்தில் அவள் அவருக்குச் சக்கரம் வைத்த ஒரு பை வாங்கிக் கொடுத்தாள், டூல்ஸ் போட்டு இழுத்துக்கொண்டு போக. எதற்கு இந்த வெட்டிச் செலவு என்று அவளைத் திட்டினார். தோள்பட்டை இறங்கிப்போயிருந்ததால் பிறகு அதைத்தான் எடுத்துப் போனார். வேலையில் குறை சொல்ல இப்போதும் ஒன்றுமில்லை. ஒன்றரை மணி இரண்டு மணியாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் சம்பளச் சீட்டைக் கொடுக்கும்போது, எப்போது முடியும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொன்னார். வட்டி ஓடுவதையும் சேர்த்து நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அவருடைய அறுபத்தோராவது வயதில் முடிகிறது. எங்கள் கம்பெனியில் ஐம்பத்தெட்டோடு அனுப்பிவிடுவார்கள். அந்த மூன்று வருஷத்தை என்ன செய்வது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“சரி, விடுங்க தம்பி” என்றார். “எந்தக் கட்டடம்னு சொல்லுங்க.”

சொன்னேன். பையை நிமிர்த்திக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.